எஸ்ஸுக்கு முன்னால், எஸ்ஸுக்குப் பின்னால்

ஆதம்பாக்கம்
26 மே 2025

வசுமதி அக்காவுக்கு,

உங்கள் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் பள்ளியின் மெயிலுக்கு எழுதுகிறேன். தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பீர்கள். தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் விஷயத்தை விட்டுவிட்டுச் சிவப்புப் பேனாவைத் திறப்பீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பிப்ரவரியில் அப்படித்தானே செய்தீர்கள்? ஆபீஸ் பஸ் தரமணியில் மாட்டிக்கொண்டு நான் தாமதமாக வந்தேன் என்று உங்கள் தம்பி அச்யுத் கதவைத் திறக்கவில்லை. தாரிணி எனக்குத் திறந்துவிட ஓடி வந்தாள். அவளையும் வெளியே தள்ளித் தாழ் போட்டார். ஆறு வயசுக் குழந்தை காலில் செருப்பில்லாமல் மாடிப்படியில் என் மடியில் உட்கார்ந்திருந்தது. நீங்கள் இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறீர்கள், வருவீர்கள் என்று நினைத்தேன். ஒரு செய்தி அனுப்பினேன். He dont let us in, please come. உடனே பதில் வந்தது. Doesn't, apostrophe போட மறக்காதே. அவ்வளவுதான். நீங்கள் வரவில்லை. அந்தக் குறி மட்டும் வந்தது.

அது போகட்டும். இப்போது எனக்கு வேண்டியது தாரிணியின் டி.சி.

ஏப்ரல் கடைசியில் அவளைக் கூட்டிக்கொண்டு ஆதம்பாக்கத்தில் என் அண்ணன் டில்லிபாபு வீட்டு மாடிக்கு வந்துவிட்டேன். இங்கிருந்து தினமும் மயிலாப்பூருக்கு அவளை இழுத்துக்கொண்டு அலைய முடியாது. அதைவிட, பள்ளி விடுகிற நேரத்தில் அச்யுத் வாசலில் வந்து நின்றால் குழந்தையை யாரோடு அனுப்புவீர்கள்? பக்கத்திலேயே ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு இடம் பேசி வைத்திருக்கிறேன். ஜூன் இரண்டாவது வாரம் வரைதான் பிடித்து வைப்பார்கள். டி.சி. இல்லாமலே சேர்க்கலாம் என்று சட்டம் இருக்கிறதாமே என்று கேட்டுப் பார்த்தேன். "சட்டம் இருக்கும்மா. ஆனா பாப்பா பேரு கம்ப்யூட்டர்ல இன்னும் உங்க பழைய ஸ்கூல்லதான் இருக்கு. அவங்க விட்டாத்தான் நாங்க எடுக்க முடியும்" என்றார் அந்த ஹெச்.எம்.

விட வேண்டியவர் நீங்கள். போன வாரம் உங்கள் பள்ளி அலுவலக ஜன்னலில் விண்ணப்பத்தை நீட்டினேன். கிளார்க் அசோகன் அதைத் தொடக்கூட இல்லை. "அப்பா கையெழுத்து இல்லாம வாங்க முடியாதும்மா. வைஸ் பிரின்சிபால் மேடம் ஆர்டர்" என்றார். உங்கள் தம்பி கையெழுத்துப் போட மாட்டார். திரும்பி வந்தால் போடுகிறாராம்.

உறவு கொண்டாடி எழுதவில்லை. விண்ணப்பதாரராக எழுதுகிறேன். அவளை விடுங்கள்.

கயல்


மயிலாப்பூர்
27 மே 2025

கயல்,

பள்ளியின் மெயில் முகவரி குடும்பச் சண்டைக்கு அல்ல. என் சொந்த முகவரியிலிருந்து எழுதுகிறேன். இனி எழுதுவதென்றால் இதற்கே எழுது.

தமிழில் எழுதியது நல்லதுதான். படிக்க முடிகிறது. ஆனால் பெரியவர்களைப் பார்த்து "சுளித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுவது எந்த மொழியிலும் பிழை.

டி.சி. விஷயத்தில் பள்ளியின் நடைமுறை தெளிவானது. பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட, பள்ளி துணை போக முடியாது. அச்யுத் தன் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்திருக்கிறான். அந்தப் படிக்கட்டு விஷயத்தையும் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துவிட்டதாகச் சொன்னான். புருஷன் பெண்டாட்டிக்குள் நடப்பதில் மூன்றாவது ஆள் மூக்கை நுழைப்பது எனக்குப் பழக்கமில்லை.

நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அடையாற்றங்கரைக் குடிசையில் வளர்ந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போனவள் நம் அகத்துக்கு மருமகளாக வந்தபோது, நான் ஒரு வார்த்தை சொன்னேனா? அப்பா அம்மா இல்லாத வீடு, தம்பி இஷ்டப்பட்டுவிட்டான் என்று ஏற்றுக்கொண்டேன். எதிரில் உட்கார வைத்து its எது, it's எது என்று உனக்குப் பாடம் நடத்தினேன். அதற்கப்புறமும் குழந்தையின் டப்பாவில் Todays lunch என்று எழுதி ஒட்டி அனுப்பினாய். என் வகுப்பு ஆசிரியைகள் அதைப் படித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது அந்தக் குழந்தை ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று "இன்னா மிஸ்" என்கிறது. அதையும் அடியோடு ஆதம்பாக்கத்துக்குக் கொண்டுபோய் என்ன ஆக்கப் போகிறாய்? சாட் பெட்டியில் யாரோ ஒரு வெள்ளைக்காரனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிற உன் வேலைக்கு இன்னொரு ஆளா?

இரண்டு கையெழுத்தோடு வா. கொடுக்கிறேன்.

வசுமதி


ஆதம்பாக்கம்
28 மே 2025

வசுமதி அக்காவுக்கு,

இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? உங்கள் பள்ளியின் படிவத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கையெழுத்துப் போடும் கோட்டுக்குக் கீழே என்ன அச்சடித்திருக்கிறது என்று உங்களிடம் ஒரு பிரதி இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

Parent's Signature.

எஸ்ஸுக்கு முன்னால் இருக்கிறது அக்கா, அப்பாஸ்ட்ரஃபி.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எடுத்த பாடத்தை நான் மறப்பேனா? உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. ஸ்பூனைக் காட்டி இதுதான் எஸ் என்றீர்கள். என் தட்டுப் பொங்கலிலிருந்து ஒரு மிளகை எடுத்து ஸ்பூனுக்கு முன்னால் வைத்தீர்கள். "முன்னால நின்னா ஒருத்தர்." பிறகு அதே மிளகைத் தள்ளிப் பின்னால் வைத்தீர்கள். "பின்னால நின்னா பல பேர். இதுகூடத் தெரியாம எப்படி டிகிரி குடுத்தா உனக்கு?" அச்யுத் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது, அப்போது எனக்குக் கல்யாணமாகி இருபது நாள்கூட ஆகவில்லை. அந்த மிளகை என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டேன்.

மிளகு இன்றைக்கும் முன்னால்தான் இருக்கிறது. முன்னால் நின்றால் ஒருத்தர். அந்த ஒருத்தர் நான். கையெழுத்துப் போட்டாயிற்று.

என் வேலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆமாம், மன்னிப்புக் கேட்கிற வேலைதான். அங்கே முதல் வாரமே ஒன்று சொல்லிக்கொடுக்கிறார்கள். We are sorry என்று எழுதாதே, We're sorry என்று எழுது. Do not என்றால் அதட்டல், don't என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஒரு எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்னக் கீற்றைப் போட்டால், முன்பின் தெரியாத ஆளுக்குக்கூட மனசு இளகுமாம். எனக்கு ஒரே ஆச்சரியம். உங்களிடம் படித்தவரைக்கும் அது ஆளை மட்டம் தட்டுகிற குச்சி என்றுதானே நினைத்திருந்தேன்.

தாரிணி "இன்னா" என்கிறாள். சரி. உங்களுக்கு எது அசிங்கம், "இன்னா" என்று கேட்கிற குழந்தையா, தாழ் போடுகிற தம்பியா? தம்பிக்கு இலக்கணம் சரியாக வருகிறது, அதனால் தப்பித்துக்கொண்டார்.

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அண்ணன் கேட்டான். "இன்னா கயலு, ஒரு புள்ளிக்கா இம்மாம் பெரிய லெட்டரு? ஆட்டோவ எட்து, நேரா அந்தம்மா கைல போய் நான் பேசிக்கினு வரட்டா?" வேண்டாம் அண்ணே என்றேன். "நீ பேசுற பாஷை அவங்களுக்குக் காதுலயே விழாது. எழுதினாத்தான் பயம்."

பதில் எழுதுங்கள்.

கயல்


மயிலாப்பூர்
30 மே 2025

கயல்,

அது அச்சகத்தின் தவறு. அந்த இடத்தில் Parents' என்று இருக்க வேண்டும். எஸ்ஸுக்குப் பின்னால். அச்சுக் கோப்பவனுக்குக் குறி எங்கே போனால் என்ன? ஓர் அச்சுப்பிழையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குப் பெயர் படிப்பில்லை. பஸ் ஃபுட்போர்டில் தொங்குகிறவர்களின் பழக்கம்.

மிளகுப் பாடம் நினைவிருப்பது சந்தோஷம். ஏதோ கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தை வாங்கவில்லை என்று நீ ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போன ஆங்கிலக் கடிதத்தை அசோகன் என்னிடம் கொடுத்தான். Its regarding my daughters TC. ஐந்து வார்த்தையில் இரண்டு பிழை. அடுத்தவர் படிவத்தில் குற்றம் கண்டுபிடிக்க வருகிறவளின் லட்சணம் இது.

தாழ் போடுகிற தம்பி என்று எழுதுகிறாய். அவனை நான் தூக்கி வளர்த்தேன். எனக்குப் பதினான்கு வயசு, அவன் தொட்டிலில். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம். கோபக்காரன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெண்டாட்டியும் குழந்தையும் வேண்டும் என்றுதானே அவனும் கையெழுத்துப் போடாமல் இருக்கிறான்? உன்னிடம் பிடிவாதம் என்றால் தாய்மை, அவனிடம் என்றால் குற்றமா?

பள்ளி திங்கட்கிழமை திறக்கிறது. தாரிணியை இங்கேயே அனுப்பு. இரண்டாம் வகுப்பு பி பிரிவில் அவள் பெயரை நானே எழுதி வைத்திருக்கிறேன்.

வசுமதி


ஆதம்பாக்கம்
31 மே 2025

வசுமதி அக்காவுக்கு,

அச்சகத்தின் தவறா? யாரிடம் சொல்கிறீர்கள்?

நிறுவனர் நாள் அழைப்பிதழில் Founders என்று குறியில்லாமல் வந்ததற்காக மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பி, விழாவுக்கு முந்தின நாள் வரை அந்த அச்சகக்காரரைத் தூங்கவிடாமல் அடித்தவர் நீங்கள். மாணவிகள் கழிப்பறைக் கதவில் Girl's என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து, "ஒரே ஒரு பொண்ணுக்கா இத்தனை பெரிய பாத்ரூம்?" என்று கேட்டு, ஆயாவை நிற்க வைத்துக் கிழிக்கச் சொன்னதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நீங்களே நடித்துக் காட்டினீர்கள். என் கண்ணில் படாமல் ஒரு துண்டுக் காகிதம் இந்தப் பள்ளியை விட்டு வெளியே போகாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? கழிப்பறைக் கதவுக்கு இருந்த கண் டி.சி. படிவத்துக்கு இல்லாமல் போய்விட்டதா?

படிவத்தின் அடியில், பொடி எழுத்தில், சரிபார்த்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. அதையும் அச்சுக் கோப்பவன் தானாகப் போட்டுக்கொண்டானா?

தாளாளர் ஸ்ரீரங்கன் சாருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். தமிழில்தான். கேள்வி ஒன்றே ஒன்று. உங்கள் பள்ளிப் படிவத்தின் ஆங்கிலம் சரியா, தப்பா? சரி என்றால் என் ஒரு கையெழுத்துப் போதும், டி.சி.யைக் கொடுங்கள். தப்பு என்றால் அதைச் சரிபார்த்த ஆங்கிலத் துறைத் தலைவர் யார் என்று பெற்றோர்களுக்குச் சொல்லுங்கள். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். செவ்வாய்க்கிழமை அனுப்பிவிடுவேன்.

என் கடிதத்தில் இரண்டு பிழை, உண்மை. அதை எழுதும்போது தாரிணிக்கு ஜுரம். ஒரு கையால் அவள் நெற்றியில் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதினேன். சாக்குச் சொல்லவில்லை. ஜுரம் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம் நீங்கள். அதை விட்டுவிட்டுப் பிழையை எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

பி பிரிவில் பெயர் எழுதி வைத்திருக்கிறீர்களாம். அழித்துவிடுங்கள். புதுப் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறாள் அவள். "அம்மா, எனக்கு எந்த ஸ்கூல்?" என்று கேட்கிறாள். நான் குழம்பு கொதிக்கிறதா என்று பார்க்கப் போகிறேன். குழம்பு இறக்கி வைத்து ரொம்ப நேரமாகியிருக்கும். அந்த ஹெச்.எம். இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் என்ன செய்வேன்? அச்யுத் இங்கே வந்துவிட்டால்? அண்ணன் சவாரிக்குப் போயிருக்கிற நேரமாக இருந்தால்? கதவில் யார் தட்டினாலும் முதலில் குழந்தை எங்கே இருக்கிறாள் என்றுதான் பார்க்கிறேன்.

உங்களைப் போல ஒரு குறியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டு வாழ எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

கயல்


மயிலாப்பூர்
4 ஜூன் 2025

கயல்,

நீ செவ்வாய்க்கிழமை அனுப்பவில்லை என்று தெரிகிறது. இனி அனுப்ப வேண்டியதும் இல்லை. மிரட்டலுக்குப் பயந்து இதை எழுதவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அச்யுத் வந்தான். உன் கடிதத்தின் விஷயத்தைச் சொன்னேன். படிவத்தில் இப்படி இருக்கிறது, அடியில் என் பெயர் இருக்கிறது, தாளாளரிடம் போனால் எனக்குத் தலைகுனிவு என்றேன். யோசிப்பான் என்று நினைத்தேன். சிரித்தான். அவன் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன்.

"இதுக்குப் போய் ஏன் இவ்ளோ டென்ஷன் ஆயிண்டிருக்கே? புதுசா ஒரு ஃபார்ம் அடிச்சுடு. போன வருஷத் தேதி போட்டு ஃபைல்ல சொருகிட்டா ஆச்சு. அசோகன் உன் ஆள்தானே."

"அது ஃபோர்ஜரி, அச்யுத்" என்றேன்.

"ஒரு கமாக்கா, அக்கா! மேல ஏறி உக்காந்துண்டிருக்கற கமா. அதை அந்தப் பக்கம் தள்ளி வெச்சா உலகம் அழிஞ்சுடுமா? இத வெச்சுண்டுதானே இத்தனை வருஷமா எல்லாரையும் படுத்திண்டிருக்கே. ஆத்துல கேக்க ஆள் இல்லாதவா செய்யற வேலை."

காபி எடுத்து வர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மேஜையிலிருந்த என் போன் அவன் கையில் இருந்தது. "அவளோட மெயிலா? பாஸ்வேர்டைச் சொல்லு" என்றான். வை என்றேன். "சொல்லு, பாத்துட்டு வெக்கறேன்" என்றான். குரலை உயர்த்தவில்லை. சாதாரணமாக, உப்பை எடு என்பதுபோலக் கேட்டான். இரண்டாவது தடவையும் வை என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வைத்தான். அந்தக் கொஞ்ச நேரமும் காபித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவன் உட்கார்ந்திருந்தான். என் வீட்டில்.

கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது.

என் முந்தைய கடிதத்தில் அச்சகத்தின் தவறு என்று எழுதியிருந்தேன். அதை நீக்கிவிடு. படிவத்தில் பிழை கிடையாது. Parent's என்று எழுதியது நான், சரிபார்த்ததும் நான். நான் பார்த்து அனுப்பிய தாளில் பிழை இருக்க முடியாது. எஸ்ஸுக்கு முன்னால் நின்றால் ஒருவர். ஒருவர் கையெழுத்துப் போதும்.

திங்கட்கிழமை இதைத் தாளாளரிடம் நேரில் சொன்னேன். ஸ்ரீரங்கன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிவத்தைப் பார்த்தார். "அப்படின்னா இத்தனை நாளா ஏன் மேடம் ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிண்டிருந்தோம்?"

"இங்கிலீஷ் தெரியாம வாங்கிண்டிருந்தோம், சார்."

யாருக்குத் தெரியாமல் என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டி.சி. அசோகனிடம் இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் பெயரை விடுவித்தாகிவிட்டது. நாளைக்கு வந்து வாங்கிக்கொள். அச்யுத் முன்வாசலில் நிற்கக்கூடும், நேற்றும் நின்றான். பின் கேட் வழியாக வா. வாட்ச்மேனிடம் உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். உன் அண்ணனையும் அழைத்து வா.

உன் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் ஆங்கிலம் மோசம், பேச்சு அதைவிட மோசம். என் தொழிலை ஒருவன் கமா என்று சொல்லிவிட்டுப் போக நான் விடமாட்டேன், அவ்வளவுதான்.

தாரிணி இடைவேளையில் என் அறைக்கு வந்து டப்பாவைத் திறந்து, இன்றைக்கு என்ன என்று காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவாள். இப்போது அந்த நேரத்தில் அறைக் கதவைச் சாத்திவிடுகிறேன். வராந்தாவில் சத்தம் அதிகம்.

ஜுரம் விட்டுவிட்டதா?

வசுமதி


ஆதம்பாக்கம்
18 ஜூன் 2025

வசுமதி அக்காவுக்கு,

ஜுரம் அன்றைக்கே விட்டுவிட்டது. டி.சி.யும் வந்தது. பின் கேட்டில் வாட்ச்மேன் என் பெயரைக் கேட்கக்கூட இல்லை. "போங்கம்மா, மேடம் காலைலேர்ந்து மூணு தபா கேட்டாங்க, வந்துட்டாங்களான்னு" என்றார். நீங்கள் மாடி ஜன்னலில் நின்றதைப் பார்த்தேன். நான் பார்த்ததும் திரையை இழுத்துவிட்டீர்கள். நானும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். இரண்டு பேருக்கும் அது வசதி.

நன்றி எழுதலாம் என்று மூன்று நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். கை வரவில்லை. எனக்காகச் செய்யவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பிறகு எதற்கு? உங்கள் குறிக்கு நீங்கள் செய்த மரியாதையில் என் குழந்தைக்கு ஒரு பள்ளி கிடைத்தது. எனக்கு அது போதும். "இங்கிலீஷ் தெரியாம வாங்கிண்டிருந்தோம்" என்பதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தம்மா செம்மயா கீதுப்பா. நான் வேற இன்னாவோன்னு நெனச்சேன்" என்றான்.

அச்யுத் ஒரு தடவை இங்கே வந்தார். அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கீழேயே பேசி அனுப்பிவிட்டார்கள். குழந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் கோர்ட் வழியாக வாருங்கள் என்று வக்கீலை வைத்து எழுதியிருக்கிறேன். உங்களிடம் வந்து கத்துவார். கதவைத் திறக்காதீர்கள்.

இதை எழுத வந்த காரணம் வேறு. நேற்றுப் புதுப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். Welcome Parent's. அதற்குக் கீழே Our Kid's, Our Future's. எஸ் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் ஒன்றைக் குத்தி வைத்திருக்கிறார்கள், கல்யாண வீட்டில் வருகிறவர் போகிறவர் எல்லார் நெற்றியிலும் சந்தனம் வைக்கிற மாதிரி. அப்பா, அம்மா, சித்தி, பெரியப்பா என்று கூட்டம் கூட்டமாக அதற்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லை.

அந்த ஃபிளெக்ஸைப் பார்த்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு "கர்மம்" என்று முணுமுணுக்க இந்த ஊரிலேயே எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறது. அது நீங்களாக இருப்பதை நினைத்தால் எனக்கு எப்படி எரிகிறது தெரியுமா? நின்ற இடத்திலேயே உங்களுக்காக ஒரு படம் எடுத்தேன். இணைத்திருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கள், கீழே ஓரத்தில் ஹெச்.எம். பெயருக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது.

தாரிணி நேற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாளாம். மிஸ் சொன்னார். ஏன்டி என்று கேட்டேன். "காட்டவே இல்லையே, எப்டி சாப்டறது?" என்றாள்.

வருகிற சனிக்கிழமை அவளுக்கு அரைநாள். திருமயிலையில் ரயில் ஏறி வேளச்சேரியில் இறங்குங்கள். அண்ணன் ஆட்டோவோடு நிற்பான். உங்களை "அக்கா" என்று கூப்பிடுவான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளி விடுவதற்குள் வாசலுக்கு வந்துவிடுங்கள். டப்பாவை அவளே திறந்து காட்டட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஃபிளெக்ஸை இன்னும் அவிழ்க்கவில்லை. உள்ளே போய் ஹெச்.எம்.மிடம் எதையும் திருத்தித் தொலைக்காதீர்கள். குழந்தை இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள்.

கயல்